பேர் சொல்லி விட்ட குத்து

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை பத்தே காலுக்கு, சங்கிலித் தோட்டத்துப் பஞ்சர் கடை ஏகாம்பரத்தின் தாடையில் யாரோ ஓங்கி ஒரு குத்து விட்டார்கள், ஆனால் பக்கத்தில் ஈ காக்காய் கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஸ்டூலோடு சாய்ந்தார், எழுந்து நின்று எவன்டா அது என்று கேட்பதற்குள் விலாவில் ஒன்று விழுந்தது, அப்புறம் நெற்றிப் பொட்டில் ஒன்று, அப்புறம் வயிற்றில் அடுக்கடுக்காக மூன்று. வலிப்பு என்று நினைத்து டீக்கடைக்காரர் ஓடிப்போய் இரும்புச் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார், சாவிக் கொத்தோடு சேர்ந்து ஏகாம்பரம் இன்னும் நாலு வாங்கினார். பிறகு சட்டென்று நின்றது. நின்றது என்று எல்லாரும் மூச்சு விட்டு, சோடா உடைத்து, முகத்தில் தெளித்து முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தது.

கூட்டத்தின் ஓரத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தார் கபிரியேல். அந்தக் காலத்தில் வடசென்னையில் நடந்த பாக்ஸிங் போட்டிக்கெல்லாம் மணி அடித்தவர், நேரம் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவர், எழுபது வயதிலும் சாமி கும்பிடுகிற மாதிரி வாட்ச்சைப் பார்ப்பவர். அவர் வாட்ச்சைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் ரெஸ்ட்டு. இது வலிப்பு இல்லப்பா. பாக்ஸிங்."

"யாரோட வாத்தியாரே?" என்று தரையிலிருந்தபடியே கேட்டார் ஏகாம்பரம்.

"இன்னிக்குத் தேதி மூணு. இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னால இதே நாளு, இதே பத்தே காலுக்கு, நீயும் காத்து மாசிலாமணியும் ஆடுனீங்க. நீ ஜெயிச்சே. இப்ப வாங்கினு இருக்கியே, இதெல்லாம் அன்னிக்கு அவன் வுட்டது."

"அன்னிக்கு ஒண்ணு கூட என் மேல படலியே."

"அதான் இப்பப் படுது," என்றார் கபிரியேல், ஏதோ தபால் தாமதமாக வந்த மாதிரி.

மூன்றாவது ரவுண்டு தொடங்கியபோது ஏகாம்பரத்தின் பெண்சாதி கோமளா ஓடி வந்தாள். ஐயோ என் புருஷனைக் கொல்றாங்களே என்று கத்திக்கொண்டே அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், மிச்சமிருந்த அத்தனை குத்தும் அவள் முதுகில் விழுந்தது. ஏகாம்பரத்தின் மேல் ஒன்று கூட விழவில்லை. இப்படித்தான் சங்கிலித் தோட்டம் முதல் சட்டத்தைக் கற்றுக்கொண்டது. தலையணை வைத்தாலும் குத்து உள்ளே வரும், தகரம் வைத்தாலும் வரும், ஆனால் ஒரு ஆள் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டால் அந்த ஆள் மேல் விழுந்துவிட்டுப் போகும்.

மாசிலாமணியைக் கூப்பிட்டு வர ஐஸ் ஃபேக்டரிக்கு ஆள் போனது. நாற்பத்தாறு வயது, தோளில் ஈரச் சாக்கு, முட்டிகளெல்லாம் ஐஸ் பார் தூக்கி மரத்துப்போன கை. பதினோரு வருஷத்தில் அறுபது போட்டி ஆடியவர், அத்தனையிலும் பாயிண்ட் இல்லாமல் தோற்றவர். சரியாகக் குத்தாதவர் இல்லை. அவர் குத்தும்போது மட்டும் ஒரு நடுவருக்குத் தும்மல் வரும், இன்னொருத்தர் தண்ணீர் குடிக்கக் குனிவார், மூன்றாமவர் கழுத்து வியர்வையைத் துடைப்பார், எதிரே நிற்பவனுக்கும் பட்ட மாதிரியே இருக்காது. ஆட்டம் முடிந்து எடுத்த போட்டோவில் அவருடைய தோள்பட்டை பாதி இருக்கும், முகம் இருக்காது. காற்றைக் குத்துகிறவன் என்று வைத்த பட்டப்பெயர்தான் காத்து மாசிலாமணி. அவர் கிழிந்த உதட்டோடு கிடந்த ஏகாம்பரத்தைப் பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோமளாவைப் பார்த்தார். மனசின் ஒரு மூலையில், சொல்லவே வெட்கமான ஒரு மூலையில், அப்பாடா என்று இருந்தது. பட்டிருக்கிறதே!

அந்த சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கும்பகோணத்திலிருந்து கபிரியேலுக்குப் போன் வந்தது. அன்றைய போட்டிக்கு நடுவராக இருந்து, ரிட்டயர் ஆகி, அங்கே பேரன் பேத்திகளோடு இருந்த தேசிகன், மத்தியானம் இரண்டு மணிக்கு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஒரே ஒரு குத்து வாங்கி, நாற்காலியோடு பின்னால் போய், கண்ணாடியில் மோதி, அங்கேயே உயிரை விட்டார்.

எல்லாரும் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும்.

சங்கிலித் தோட்டத்து பாக்ஸர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய கப்பல்களின் நங்கூரச் சங்கிலியைக் குவித்து வைத்திருந்த தோட்டம் அது, அந்தச் சங்கிலிகள் துருப்பிடித்துப்போன காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். தோற்றவன் அன்றைக்கு வாயில் சோறு வைப்பதற்கு முன்னால், தனியாக, கடலோரப் பாறாங்கல் மேல் போய் நிற்க வேண்டும். கிளவுஸைக் கழற்றிவிட்டு, தன் தோல்விக்குக் காரணமானவன் பேரை வாய்விட்டுச் சொல்லி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே ஒரு குத்து, காற்றில் விட வேண்டும். விட்டுவிட்டு வந்து சாப்பிட வேண்டும். அதோடு பகை தீர்ந்தது, வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அதற்குப் பேர் பேர்க்குத்து. இந்த வழக்கம் இருந்ததால்தான் தோட்டத்தில் நூறு வருஷமாக ஒரு வெட்டுக்குத்து கிடையாது. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மத்தியானம் மாசிலாமணி கல்லிலிருந்து திரும்பி வந்து, ஜெயித்த ஏகாம்பரத்தோடு ஒரே இலையில் பிரியாணி தின்றுகொண்டே, "உன் பேர சொல்லலடா, அந்த தேசிகன் பேரத்தான் சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தார், ஏகாம்பரமும் சிரித்தார். ஊரே அந்த அழகான சிரிப்பைப் பார்த்தது.

ஆக ரிங்கில் விட்ட குத்து வலிக்கும், பேர்க்குத்து கொல்லும். இது இரண்டாவது சட்டம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேதவல்லி, இருபத்திரண்டு வயது, ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை, அப்பன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவள். அவள் பிறந்த நாள் பிப்ரவரி இருபத்தாறு. அவள் பிறந்த அன்றைக்குக் காலையில்தான், ஆட வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், மாசிலாமணிக்கு இந்திய அணிக்கான தேர்வு ஆட்டம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நடுவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதிரே ஆடின தணிகாசலம் என்கிற போலீஸ்காரப் பையன் திணறிக்கொண்டிருந்தான். இரண்டாவது ரவுண்டு முடிந்து உட்கார்ந்தபோது கீழேயிருந்து ஒருத்தன் கத்தினான், உன் பெண்சாதிக்கு ரத்தம் நிக்கலியாம், உன் ரத்தம் வேணுமாம், ஓடியா என்று. ஓடினார். கொடுத்தார். சுலோச்சனா பிழைத்தாள், மூன்று மணிக்குக் குழந்தை பிறந்தது, பெண்ணாக இருந்தால் வைப்பதற்கென்று சுலோச்சனா முன்னாலேயே பேர் யோசித்து வைத்திருந்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல், கடலோரத்துக் கல் மேல் போய் நின்றார். துறைமுகத்துச் சங்கு ஐந்து நாற்பதுக்கு ஊதியது. அது ஊதும்போது அவர் வாயைத் திறந்து தணிகாசலம் என்று சொல்லவில்லை.

வேதவல்லி என்று சொன்னார்.

சொல்லி, அறுபது போட்டியிலும் விடாத ஒரு குத்தை விட்டார்.

அதற்கப்புறம் அந்தப் பேரை அவர் வாய் சொன்னதில்லை. பாப்பா என்பார், ஏம்மா என்பார், சுலோச்சனாவிடம் பேசும்போது உன் மக என்பார். குழந்தையைத் தூக்கியதில்லை. அந்தக் கையால் எப்படித் தூக்குவது? தெருவில் போகிற வருகிறவனெல்லாம் உன்னாலதான்டி உங்கப்பன் இந்தியாவுக்கு ஆடாமப் போனான் என்று கன்னத்தைக் கிள்ளிச் சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளை அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு, அப்பனுக்கு நாம் ஆகாது என்று முடிவு கட்டி, ஐந்து வயதிலேயே தள்ளி உட்காரப் பழகிவிட்டது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே மனுஷன், அவரை என்ன சொல்வது!

அன்று ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் விரல் விட்டுப் பார்த்தார். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரிக்கு ஏழு மாசம் கூட முழுசாக இல்லை.

சங்கிலித் தோட்டம் என்ன செய்தது என்று கேட்டால், பழகிக்கொண்டது. தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று பழகின ஊருக்கு இது பெரிசா? கபிரியேல் தன் ஞாபகத்திலிருந்து மாசிலாமணி ஆடிய தேதிகளையும் நேரங்களையும் சொல்லச் சொல்ல, டீக்கடைப் பலகையில் எழுதி வைத்தார்கள், செப்டம்பர் பதினொன்று எண்ணூர் குப்பன், அக்டோபர் இரண்டு புளியந்தோப்பு ஜான்பாஷா என்று. பேர்க்குத்துக்கு மட்டும் இன்னும் ஒரே தேதிதான், பிப்ரவரி இருபத்தாறு, ஏனென்றால் நடுவில் தோற்றதற்கெல்லாம் மாசிலாமணி அலுத்துப்போய்க் கல்லுக்கே போகவில்லை. அவரவர் தேதிக்கு அந்தந்தப் பழைய ஆட்டக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். தொப்பை விழுந்தவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், பல் செட் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவர்கள். டீக்கடை வாசலில் பாய் விரித்து நிற்க வைப்பார்கள், யாராவது ஒருத்தர் கட்டிப்பிடிப்பார்கள், கபிரியேல் தன் பழைய பித்தளை மணியை எடுத்து வந்து ரவுண்டுக்கு ரவுண்டு அடிப்பார். மணி அடிக்கிற வரைக்கும் கட்டிப்பிடித்தவர் பிடியை விடக் கூடாது, அப்படி ஒரு தடவை விட்டதில் ஜான்பாஷாவுக்கு முன்பல் போனது. இது மூன்றாவது சட்டம்.

ஒன்பது நிமிஷம் கட்டிப்பிடித்து நின்றதில், பத்து வருஷமாகப் பேசாமலிருந்த எண்ணூர் குப்பனும் அவர் அண்ணனும் ராசியானார்கள். யாருமில்லாத ஒரு கிழவரை டீ மாஸ்டரும் மீன்காரப் பெண்களும் ரவுண்டுக்கு ஒருத்தராகப் பிடித்தார்கள். முதுகில் வீங்கிய இடத்துக்கு மாசிலாமணி வேலை பார்த்த ஃபேக்டரியிலிருந்தே ஐஸ் வந்தது. ஒரு தரம் போலீஸ் கூட வந்து விசாரித்தது, ஆனால் சம்பவம் நடந்த தேதி என்ற இடத்தில் எந்த வருஷத்தைப் போடுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போய்விட்டது.

மாசிலாமணி நடந்தால் மட்டும் தெரு அமைதியானது. ரேஷன் கடையில் வரிசை தானாக விலகி வழிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணே என்றார்கள், அண்ணே என்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டார்கள். குழந்தைகளின் பேரை யாரும் அவர் காதுபடச் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பிரேம்நாத் வந்தார். பாக்ஸிங்கைத் தொழிலாக நடத்துகிற கம்பெனிக்காரர், கறுப்புக் கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் சார் என்கிற வாய். நாற்பத்தாறு வயசில் தொழில்முறை ஆட்டக்காரனாக இறங்குகிறீர்களா சார் என்று கேட்டார். ஊர் சிரித்தது. மாசிலாமணி சிரிக்கவில்லை, சரி என்றார்.

ஏன் சரி என்றார் என்று சுலோச்சனா தலையிலடித்துக்கொண்டு கேட்டாள். அவருக்கே அதற்குப் பதில் தெரியும், வெளியே சொன்னால் வெட்கம். நவம்பரில் முதல் ஆட்டம், எதிரே நின்ற முப்பது வயசுக்காரன் அவர் கை அசைந்தபோதெல்லாம் பின்னால் போனான், மூன்று நடுவர்களும் இமை கொட்டாமல் அவரையே பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தும்மல் வரவில்லை. நம்மைப் பார்க்கிறார்கள். அடப்பாவி, இதற்குத்தானே இத்தனை வருஷம்! ஜனவரியில் இரண்டாவது ஆட்டத்தையும் ஜெயித்தார். சுவரெல்லாம் அவர் முகம் ஒட்டினார்கள், முழு முகம், இரண்டு தோளோடும். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நிமிஷத்தில் மட்டும் பிப்ரவரி மறந்துபோகும்.

பட்டப் போட்டிக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்தார் பிரேம்நாத். பிப்ரவரி இருபத்தாறு.

"அந்த நாள் வேணாம்," என்றார் மாசிலாமணி.

"அந்த நாள்தான் சார் விசேஷமே. டீக்கடைப் பலகையைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். காலையில பத்து மணிக்கு அந்த எஸ்.ஐ. தணிகாசலத்துக்கு ரெண்டு ரவுண்டு வருது. சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்கு அவருக்குப் பேர்க்குத்து. அவரை ரிங்குக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உட்கார வைப்போம். ரெண்டு டாக்டரு, ஆம்புலன்சு, எல்லாம் இருக்கும். நீங்க நாலு மணிக்கு ஏறி, நாலரைக்கு இறங்கிடுவீங்க. அதுக்கப்புறம் ஜனங்க அவரைப் பாத்துட்டுப் போகட்டுமே."

எல்லாருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தேர்வில் எதிரே ஆடினவன் தணிகாசலம், அவனால்தான் தோல்வி, அவன் பேரைத்தான் சொல்லியிருப்பார். ஊரே தப்பான ஆளைக் காப்பாற்றத் தயாராகிக்கொண்டிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தார். திறந்த வாய், "நாலரைக்கு முடிஞ்சிடுமா?" என்று கேட்டது. கையெழுத்தும் போட்டார். முடிந்ததும் மகள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டார், ஐந்து நாற்பதுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம், ஏன் எதற்கு என்று சொல்லாமலேயே கட்டிக்கொள்ளலாம் என்று. சொல்லாமல் தப்பிக்க முடிந்தால் அதுவும் வேண்டும், பட்டமும் வேண்டும். ஆசை யாரை விட்டது?

தணிகாசலம் வீடு தேடி வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் பார்க்கவே பரிதாபமாக இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அழுதுகொண்டே நின்றாள்.

"மாசிலாமணி அண்ணே, அன்னிக்கு நான் ஜெயிக்கவே இல்லண்ணே. நீங்க இறங்கிப் போயிட்டீங்க. என் பேரை எடுத்துட முடியாதா?"

"உனக்கு வராது தணிகாசலம். போய் நிம்மதியா இரு."

"எப்படிண்ணே வராது?"

மாசிலாமணி கதவைப் பாதி சாத்தினார். அவர்கள் நம்பாமலேயே திரும்பிப் போனார்கள். அடுப்படியிலிருந்து சுலோச்சனா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"யாரு பேரச் சொன்னே அன்னிக்கு?"

"அவன் பேருதான்."

"அப்ப ஏன் வராதுன்னே?"

"ஆறுதலுக்குச் சொன்னேன்டி."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அன்றையிலிருந்து மகளுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி மாசிலாமணி வேதவல்லியிடம், "பாப்பா, இருபத்தாறாம் தேதி ஆட்டத்துக்கு வா" என்றார்.

"பொறந்த நாளுக்கு லீவு போட்டுட்டு அடிதடி பாக்கணுமா?"

"வாயேன்."

"எதுக்கு நைனா? நான் வந்தா நீ தோத்துடுவே. ஊருக்கே தெரியுமே, என் ராசி."

"தோத்தா தோக்குறேன். நீ கண்டிப்பா வரணும். முன் வரிசைல உக்காரணும்."

அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தன்னிடம் எதையும் கேட்டதில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் கூட. "பேரச் சொல்லிக் கூப்டு, வரேன்," என்றாள், பாதி விளையாட்டாகத்தான். மாசிலாமணியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "சரி சரி, வுடு, வரேன்," என்று சொல்லிவிட்டு அவளே எழுந்து போனாள், அவள் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குத் தணிகாசலத்துக்கு இரண்டு ரவுண்டு வந்தது, மனைவி கட்டிக்கொண்டாள், கபிரியேல் மணி அடித்தார், எல்லாம் முறைப்படி நடந்தது. சாயங்காலம் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில்தான் ஆட்டம். சங்கிலித் தோட்டமே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ரிங்குக்குக் கீழே ஒரு பக்கம் நாற்காலியில் தணிகாசலம், ரெண்டு டாக்டர்கள் நடுவில், கார் சீட்டுப் பஞ்சை உடம்பெல்லாம் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு. இன்னொரு பக்கம் மேஜையில் கபிரியேல், மரியாதைக்காக அவரையே நேரம் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள், பித்தளை மணியோடு. முன் வரிசையில் சுலோச்சனா, பக்கத்தில் புதுச் சுடிதாரில் வேதவல்லி.

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. பொன்னாடை ஆரம்பித்தது. வட்டச் செயலாளருக்கு ஒன்று, அவர் மச்சானுக்கு ஒன்று, பந்தல்காரருக்கு ஒன்று, விட்டுப்போனவர்களுக்கு மறுபடி ஒவ்வொன்று. போர்த்தினவர்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்தார்கள். வீரம் விளைந்த மண் என்று ஒருத்தர் அரை மணி நேரம் பேசினார். மாசிலாமணி கிளவுஸ் கட்டின கையோடு மூலையில் உட்கார்ந்து கிடங்கின் பெரிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை ஆனது. ஐந்தானது. பிரேம்நாத்தைக் கூப்பிட்டு, "போதும், நிறுத்துங்க" என்றார். "இதோ சார், கடைசி ஒருத்தர் சார்." எழுந்து போயிருக்கலாம், அப்போதே போயிருக்கலாம், ஆனால் எழுந்தால் கூட்டம் கைதட்டியது, கைதட்டினால் உட்கார்ந்துவிடத் தோன்றியது.

ஐந்து முப்பத்திரண்டுக்கு மணி அடித்தது.

எதிரே இருபத்துநாலு வயசு ஹரியானாக்காரன். பயம் தெரியாத பையன், தமிழ் தெரியாததால் கதையும் தெரியாது. முதல் ரவுண்டில் மாசிலாமணி ஐஸ் பார் தூக்கின தோளை முன்னால் விட்டு, அவனை மூலைக்குத் தள்ளினார். இரண்டாவது ரவுண்டில் அவர் விட்ட இடது கைக் குத்து அவன் தாடையில் சுத்தமாக விழுந்தது, விழுந்த அதே நிமிஷத்தில் விழுந்தது, நாளைக்கு என்று தள்ளிப் போகவில்லை. பையன் கால் தள்ளாடியது. கிடங்கே எழுந்து நின்றது. மூன்று நடுவர்களும் பார்த்தார்கள், எழுதினார்கள். இன்னும் ஒன்று போதும், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. மணி அடித்தது. மூலைக்கு வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்தொன்பது. இரண்டாவது ரவுண்டு முடிந்திருந்தது, அன்றைக்கு மாதிரியே.

கூட்டமெல்லாம் ரிங்கை விட்டுவிட்டுத் தணிகாசலத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். சுலோச்சனா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை மகள் தோள் மேல் இருந்தது.

மாசிலாமணி கயிற்றைத் தாண்டிக் குதித்தார். பிரேம்நாத் சார் சார் என்று கத்தியது காதில் விழவில்லை. முன் வரிசைக்கு வந்து மகள் முன்னால் நின்றபோது மூச்சு வாங்கியது.

"மறுபடியும் என்னாலயா நைனா?" என்று கேட்டாள் வேதவல்லி. கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உன்னால இல்லம்மா. அன்னிக்கும் உன்னால இல்ல. கல்லு மேல நின்னு நான் அந்தப் போலீஸ்காரன் பேரச் சொல்லல. உன் பேரச் சொன்னேன்."

சங்கிலித் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சுலோச்சனா ஐயோ பாவி என்று வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு மகளை இழுத்துத் தன் மேல் அணைக்கப் பார்த்தாள். மாசிலாமணி குறுக்கே வந்தார்.

"நான் வுட்டது. நான் வாங்கிக்கிறேன். எட்டிப் போ."

வேதவல்லி பின்னால் நகர்ந்திருக்கலாம். இருபத்துமூன்று வருஷம் தொடாத கையைத் தட்டிவிட்டிருக்கலாம். அவள் கிளவுஸ் கட்டின அந்த இரண்டு கையையும் பார்த்தாள்.

"இதோட எப்டி நைனா புடிப்பே," என்று சொல்லி, தானே அவர் முதுகைச் சுற்றிக் கை போட்டுக் கோத்துக்கொண்டாள்.

"கைய முதுகுலேர்ந்து எடு! கீழ இறக்கு!" என்று கத்தினார் மாசிலாமணி. அவள் கையை இடுப்புக்கு இறக்கினாள். அவர் தன் அகலமான உடம்பால் அவளை மறைத்துக்கொண்டு, அவள் தலையைத் தன் கழுத்துக்குள் அமுக்கி, பிறந்தபோது தூக்கியிருக்க வேண்டிய மாதிரி இறுக்கிக்கொண்டார்.

"வேதவல்லி," என்றார். இந்தத் தரம் சத்தம் வந்தது.

சங்கு ஊதியது.

குத்து அவருடைய முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, இதயத்துக்கு நேராக இறங்கியது. அவருக்கு அதை அடையாளம் தெரிந்தது. இருபத்துமூன்று வயசு வலது கை, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, முழு எடையும் பின்னால் வர, ஒரு குறையும் சொல்ல முடியாத குத்து. இவ்வளவு நல்ல குத்தை ஒரு பச்சைப் பிள்ளை மேல் விட்டிருக்கிறோமே என்று நினைத்தார், அந்த நினைப்புதான் குத்தை விட வலித்தது. அவர் மகள் மேலேயே சாய்ந்தார், அவளும் பிடியை விடாமல் அவரோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

நாற்காலியில் தணிகாசலம் ஒன்றும் ஆகாமல் கண்ணைத் திறந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மேஜையில் உட்கார்ந்திருந்த கபிரியேலின் கை, ஐம்பது வருஷப் பழக்கத்தில், அவரைக் கேட்காமலேயே மேஜையை ஓங்கித் தட்டியது. விழுந்தவனுக்கு எண்ணுவது நேரம் பார்ப்பவன் வேலை.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு."

அறுபது போட்டியில் மாசிலாமணி விட்ட ஒரு குத்துக்கும் யாரும் ஒண்ணு என்று கூடச் சொன்னதில்லை. இதற்குச் சொன்னார்கள். மூணு, நாலு. மகள் காதோரம் நைனா நைனா என்று கூப்பிடுவது அவருக்குக் கேட்டது, எண்ணுவதும் கேட்டது. ஐஞ்சு. ஆறு. சுலோச்சனா தரையில் உட்கார்ந்து அவர் கிளவுஸின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வரைக்கும் கேட்டது.

கபிரியேல் பத்து வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்தால் மணி அடிக்க வேண்டும். கையை மணியின் மேல் வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. அடிங்க சார் என்று யாரோ சொன்னார்கள், டாக்டர்கள் ஓடி வந்து, அம்மா கொஞ்சம் விடுங்க, பாக்கணும் என்றார்கள். சங்கிலித் தோட்டத்து ஜனம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அவர்களுக்குச் சட்டம் தெரியும், ஒருத்தரும் அவளை விடச் சொல்லவில்லை.

மணி அடிக்கவில்லை. வேதவல்லி விடவில்லை.